வீட்டுக் கணினியும் அதன் பிணிகளும்

(சங்கத்தின் மாதாந்தச் சொற்பொழிவு வரிசையில் நிகழ்த்தப்பெற்ற உரை)





சமயப் பெரியார்களும் தமிழறிஞர்களும் நின்று பேசிய இம்மேடையிலே, இன்னும் படித்துக்கொண்டிருக்கும் மாணவன் ஒருவன் கணினிக்கு வரும் நோய்களைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இந்து வாலிபர் சங்கத்துக்கும் கணினிக் கோளாறுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களும் இருக்கலாம். தொடர்பு உண்டு. இன்று நம் வீட்டுக் கணினிக்குள் இருப்பவை எவை? பிள்ளையின் பரீட்சைக் குறிப்புகள், தந்தையாரின் ஓய்வூதியக் கடிதங்கள், காலஞ்சென்ற பாட்டனாரின் நிழற்படங்கள், கடல் கடந்து வாழும் உறவினரோடு உரையாடும் வழி, வங்கிக் கணக்கின் திறவுகோல், இவையனைத்தும் அந்தச் சிறு பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. ஒரு குடும்பத்தின் ஞாபகமும் சேமிப்பும் குடியிருக்கும் இடத்திலே கள்வன் புகுந்தால், அஃது இயந்திரம் பழுதான கதை அன்று. குடும்பத்துக்கு நேர்ந்த கேடு ஆகும்.

நான் இன்று சொல்ல விரும்புவது ஒன்றே. கணினியின் பிணிக்கு மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. முறை ஒன்று உண்டு. பதற்றமும் வெட்கமும் அப்பிணிக்குத் துணைவர்கள். நிதானமும் ஒழுங்கும் அதற்குப் பகைவர்கள். நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, அதன்பின்னரே மருந்து கொடுக்க வேண்டும் என்பது திருவள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை. அம்முறையே கணினிக்கும் போதும்.

முதலில், பகைவன் யார் என்பதை அறிவோம். வைரஸ் என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரு கிருமி அன்று. மனிதன் எழுதிய நிரல். 1986ஆம் ஆண்டிலே பாகிஸ்தானின் லாகூர் நகரில் கணினிக் கடை நடத்திய பாசித், அம்ஜத் என்னும் அல்வி சகோதரர்கள், தங்கள் மென்பொருளைப் பிறர் களவாகப் பிரதி செய்வதைத் தடுக்க எண்ணி ஒரு நிரலை எழுதினர். ‘பிரெயின்’ எனப்பெற்ற அது நெகிழ்தட்டுகள் வழியே உலகெங்கும் பரவியது. அதற்குள்ளே தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் அவர்கள் எழுதி வைத்திருந்தனர் என்றால், அக்காலத்தின் வெகுளித்தனத்தை என்னென்பது! மூன்றே ஆண்டுகளில் அந்த வெகுளித்தனம் மறைந்தது. 1989இல் எயிட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி ஏறக்குறைய 20,000 நெகிழ்தட்டுகள் தபாலில் அனுப்பப்பட்டன. அவற்றைப் பயன்படுத்தியோரின் கோப்புகள் சில காலத்தின் பின் மறைக்கப்பட்டு, பனாமா நாட்டுத் தபாற்பெட்டி ஒன்றுக்கு 189 டொலர் அனுப்பினால் மட்டுமே திரும்பக் கிடைக்கும் என்ற அறிவித்தல் தோன்றியது. கணினி வழியே கப்பம் கேட்கும் தொழில் அன்று தொடங்கியது.

2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்ட ‘ஐ லவ் யூ’ என்னும் மின்னஞ்சல், காதற்கடிதம் போலத் தன்னைக் காட்டிக்கொண்டு சில நாள்களிலேயே பல இலட்சம் கணினிகளுக்குள் புகுந்தது. 2017ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி ‘வனாக்ரை’ என்னும் கப்ப நிரல் 150 நாடுகளிலே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைப் பூட்டிவிட்டது. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் நோயாளரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இதிலே நாம் உற்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வனாக்ரை புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொவ்ற் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. மருந்து வந்து இரண்டு மாதம் ஆகியும் அதனை உட்கொள்ளாதவர்களே பெரும்பாலும் வீழ்ந்தனர்.

இவ்வாறான தீய நிரல்களில் பல சாதிகள் உண்டு. பிறிதொரு கோப்பில் ஒட்டிக்கொண்டு பரவுவது வைரஸ். ஒட்டுவதற்கு இடம் வேண்டாமல் கணினி விட்டுக் கணினி தானே ஊர்ந்து செல்வது புழு. நல்ல மென்பொருள்போல வேடமிட்டு, நம் கையாலேயே கதவைத் திறக்கச் செய்து உள்ளே வருவது, கிரேக்கக் கதையிலுள்ள மரக்குதிரையின் பெயரால் ‘ட்ரோஜன்’ எனப்படும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பது கப்ப நிரல். ஓசையின்றி இருந்து கடவுச்சொற்களைத் திரட்டி அனுப்புவது திருட்டு நிரல். இவற்றுள் இன்று வீடுகளுக்கு மிகுந்த அபாயம் தருவன கடைசியிற் கூறிய இரண்டுமேயாம். கப்ப நிரல் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும். திருட்டு நிரலோ இருப்பதே தெரியாது. சூரபன்மன் கடல் நடுவே மாமரமாய் நின்றதைக் கந்தபுராணத்திலே கேட்டிருக்கிறோம்.  அவ்வாறே இந்நிரல்களும் விலைப்பட்டியலாகவும், விளையாட்டாகவும், சில வேளைகளில் வைரஸை நீக்கும் மென்பொருளாகவுமே வந்து நிற்கின்றன.

இனி, இரண்டாவது விடயத்துக்கு வருவோம். கணினி சற்றே மந்தமானவுடன் “வைரஸ் வந்துவிட்டது” என்று தீர்ப்புச் சொல்வது நம்மவரின் வழக்கம். இது பெரும் தவறு. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் திகதி உலகெங்கும் ஏறக்குறைய 85 இலட்சம் வின்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன, விமானங்கள் பறக்கவில்லை, வங்கிகள் தடுமாறின. எதிரியின் தாக்குதல் என்றே பலர் அஞ்சினர். உண்மையில், கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு அனுப்பிய பழுதான திருத்தமே அதற்குக் காரணம். காவற்காரனே வாசலில் இடறி விழுந்த கதை அது. பெரும் நிறுவனங்களிலேயே இவ்வாறு நிகழுமாயின், வீட்டுக் கணினியிற் காணும் ஒவ்வொரு குறியையும் வைரஸின் தலையிற் போடலாமா?

ஆகவே குறிகளைப் பிரித்தறிய வேண்டும். கணினி தொடங்குவதற்கே ஐந்தாறு நிமிடம் எடுக்கிறதா? கொன்ட்ரோல், ஷிவ்ற், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், எந்த மென்பொருள் எவ்வளவு நினைவகத்தையும் வன்தட்டையும் உண்கிறது என்ற கணக்குத் திரையில் தோன்றும். 4 ஜிபி நினைவகமும் பழைய சுழலும் வன்தட்டும் உள்ள கணினியிலே இன்றைய வின்டோஸ் தள்ளாடுவது இயற்கை. அது நோய் அன்று, முதுமை. எஸ்எஸ்டி என்னும் புதுவகைத் தட்டை மாற்றினாலே அது பெரிதும் தேறும். வன்தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்று ஓசை வருகிறதா? அது சாகுந் தறுவாயில் இருக்கிறது. வேறெந்தச் சோதனையும் செய்யாது முதலில் உங்கள் கோப்புகளைப் பிரதி செய்து காப்பாற்றுங்கள். சிறிது நேரம் ஓடியபின் கணினி தானே அணைந்துவிடுகிறதா? காற்றாடியில் தூசி படிந்து சூடேறுகிறதா என்று பாருங்கள்.

இன்னுமொன்று சொல்கிறேன். எந்த இணையத்தளத்தைத் திறந்தாலும் “இத்தொடர்பு பாதுகாப்பானதன்று” என்று எச்சரிக்கை வருகிறது, வீட்டார் நடுங்குகின்றனர். திரையின் மூலையிலுள்ள திகதியைப் பார்த்தால் அது பல ஆண்டுகள் பின்னே நிற்கும். கணினியின் தாய்ப்பலகையிலே சிஆர் 2032 என்னும் நாணயம் போன்ற சிறிய பற்றரி ஒன்று உண்டு. அது தீர்ந்தால் மின்சாரம் போகும் ஒவ்வொரு தடவையும் கடிகாரம் பின்னோக்கிச் சென்றுவிடும். இணையத்தளங்களின் நற்சான்றுப் பத்திரங்களோ திகதியை வைத்தே சரிபார்க்கப்படுகின்றன. பிழை அந்தச் சிறு பற்றரியில். பழியோ வைரஸின் மீது! அதுபோலத் திரையின் மூலையில் அடிக்கடி தோன்றும் “உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்” என்ற அறிவித்தலும் பெரும்பாலும், ஏதோ ஓர் இணையத்தளம் அறிவித்தல் அனுப்ப அனுமதி கேட்டபோது நாம் அவசரத்தில் ‘ஆம்’ என்று அழுத்தியதன் பலனே. உலாவியின் அமைப்புகளுக்குச் சென்று அவ்வனுமதியை நீக்கினால் ஐந்து வைரஸ்களும் அக்கணமே மறையும்.

அப்படியாயின் உண்மையான தீய நிரலின் குறிகள் எவை? நாம் நிறுவாத மென்பொருள்கள் பட்டியலில் இருத்தல். உலாவியின் முதற்பக்கம் தானே மாறுதல். காவல் மென்பொருள் தானே அணைந்து, மீண்டும் இயக்க மறுத்தல். நாம் அனுப்பாத செய்திகள் நம் பெயரால் நண்பர்களுக்குச் செல்லுதல். கோப்புகளின் பெயர் ஈற்றில் அறியாத எழுத்துகள் சேர்ந்து அவை திறவாது போதல். பென்டிரைவைச் செருகினால் கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிக் குறிகளாக மாறியிருத்தலும் ஒரு குறியே. போட்டோக்கொப்பிக் கடைக்கும் ரியூட்டரிக்கும் பென்டிரைவ் கொண்டு செல்லும் மாணவர் பலர் இதனைக் கண்டிருப்பர். அங்கே கோப்புகள் அழிந்துவிடவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. பயந்து பென்டிரைவை அழித்துப் புதுப்பிப்பவர் தம் கையாலேயே தம் பாடக் குறிப்புகளை அழிக்கின்றார். குறுக்குவழிகளைத் தொடாமல், முதலில் காவல் மென்பொருளால் அதனைச் சோதித்துத் துப்புரவாக்கி, பின்னர் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி வின்டோஸில் அமைத்தால் எல்லாம் வெளிவரும்.

இனிச் சிகிச்சை முறையைக் கூறுகிறேன். இதிலே வரிசை முக்கியம்.

முதற்படி, தனிமைப்படுத்தல். தொற்றுநோய் கண்டவனைத் தனியே வைப்பதுபோல, கணினியின் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். கம்பியைக் கழற்றுங்கள், வை-பையை அணையுங்கள். வேறு பென்டிரைவுகளை அதிற் செருகாதீர்கள். அக்கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கவே வேண்டாம்.

இரண்டாம் படி, பொருளைக் காத்தல். முக்கியமான கடிதங்கள், படங்கள் ஆகியவற்றை மட்டும் வெளித்தட்டு ஒன்றில் பிரதி செய்யுங்கள். மென்பொருள்களைப் பிரதி செய்ய வேண்டாம். நோய் தீர்ந்தபின் அப்பிரதியையும் சோதித்தே திறக்க வேண்டும். கப்ப நிரல் தாக்கியிருந்தால், பழைய பிரதி உள்ள தட்டை ஒருபோதும் அக்கணினியில் இணைக்காதீர்கள், அதுவும் பூட்டப்பட்டுவிடும்.

மூன்றாம் படி, சோதனை. வின்டோஸ் 10, 11 இரண்டிலும் டிபென்டர் என்னும் காவல் மென்பொருள் உடன்பிறந்ததாகவே உண்டு. விரைவுச் சோதனையோடு நின்றுவிடாமல் முழுச் சோதனை செய்யுங்கள். அதன்பின் ‘ஓஃப்லைன்’ சோதனை என்ற ஒன்றும் அதிலே உண்டு. அதனைத் தெரிவு செய்தால் கணினி மீளத் தொடங்கி, வின்டோஸ் விழித்தெழுவதற்கு முன்னரே தட்டைச் சோதிக்கும். ஏறக்குறைய 15 நிமிடத்தில் முடியும். தூங்கும் கள்வனைப் பிடிப்பது விழித்திருக்கும் கள்வனைப் பிடிப்பதிலும் எளிதன்றோ! மல்வெயார்பைற்ஸ் போன்ற மற்றொரு மென்பொருளால் இரண்டாவது அபிப்பிராயம் பெறுவதும் நன்று. ஆனால் எப்போதும் விழித்திருந்து காக்கும் காவற்காரர் இருவரை ஒரே கணினியில் வைக்கக் கூடாது. அவர்கள் ஒருவரோடொருவர் மோதிக் கணினியை நிறுத்திவிடுவர்.

நான்காம் படி, களைதல். அண்மையில் நிறுவிய, நீங்கள் அறியாத மென்பொருள்களை நீக்குங்கள். உலாவியில் ஒட்டிக்கொண்டிருக்கும் தேவையற்ற நீட்சிகளை அகற்றுங்கள். கணினி தொடங்கும்போது தாமே எழும் மென்பொருள்களின் பட்டியலைப் பாருங்கள். தீய நிரல் நீங்க மறுத்தால், ஷிவ்ற் விசையை அழுத்திக்கொண்டு ‘மீளத் தொடங்கு’ என்பதைத் தெரிந்து, பாதுகாப்புப் பயன்முறைக்குச் செல்லலாம். அங்கே இன்றியமையாதவை மட்டுமே இயங்குவதால் களை பிடுங்குவது இலகு. தட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்ட மடிக்கணினியாயின் அதன் மீட்புத் திறவுகோல் இலக்கத்தை முன்னரே எழுதி வைத்திருத்தல் அவசியம். மேற்சொன்ன 2024ஆம் ஆண்டு விபத்திலே, பாதுகாப்புப் பயன்முறையில் நுழைந்து ஒரேயொரு கோப்பை அழிப்பதே பரிகாரமாக இருந்தது. ஆயினும் அவ்விலக்கம் கையில் இல்லாமையால் பல இடங்களில் வேலை தாமதமானது.

ஐந்தாம் படி, இவையொன்றும் பயன்தராவிடில் செய்வது. தட்டை முற்றாகத் துடைத்து வின்டோஸைப் புதிதாக நிறுவுதலே அது. பலர் இதனைத் தோல்வியென்று எண்ணுகின்றனர். அன்று, பல வேளைகளில் இதுவே மிகச் சுருக்கமானதும் உறுதியானதுமான வழி. 8 ஜிபி கொள்ளளவுள்ள பென்டிரைவ் ஒன்று, பழுதற்ற வேறொரு கணினியிலிருந்து மைக்ரோசொவ்றின் சொந்தத் தளத்தில் பெற்ற நிறுவல் கோப்பு, ஒரு பிற்பகற் பொழுது, இம்மூன்றும் போதும். கோப்புகளின் பிரதி கையில் உள்ளவனுக்கு இதிலே அச்சம் இல்லை.

ஆறாம் படியை மறந்துவிடுபவர் பலர். திருட்டு நிரல் வீட்டைவிட்டுப் போய்விட்டாலும், அது களவாடிய திறவுகோல் கள்வன் கையில் இருக்கிறது. ஆகையால், சுத்தமான வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். எல்லாக் கருவிகளிலும் வெளியேறும்படி கட்டளையிட வேண்டும். இருபடிச் சரிபார்ப்பையும் ஏற்படுத்த வேண்டும். இவற்றுள் மின்னஞ்சலே முதன்மையானது. ஏனெனில் மற்றக் கதவுகளின் திறவுகோல்கள் எல்லாம் அந்த வழியாலேயே மாற்றப்படுகின்றன.

கப்ப நிரலைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. பணம் கொடுத்தால் கோப்பு மீளும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. கள்வனின் வாக்கே அதற்குப் பிணை. பூட்டிய கோப்புகளை அழித்துவிடவும் வேண்டாம். 2016ஆம் ஆண்டு நெதர்லாந்துப் பொலிசாரும் ஐரோப்பியப் பொலிஸ் நிறுவனமாகிய யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்கள் இரண்டும் சேர்ந்து ‘நோ மோர் ரான்சம்’ என்னும் தளத்தை நிறுவின. அதிலே பலவகைக் கப்ப நிரல்களுக்குரிய திறவுகோல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்று இல்லாத திறவுகோல் நாளை வருதலும் கூடும்.

சகோதரர்களே, தீய நிரலினும் கொடிய ஒருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் போலி வைத்தியன். இணையத்தில் உலாவும்போது திடீரெனத் திரை சிவந்து, பெரும் ஓசையுடன், “உங்கள் கணினி தாக்கப்பட்டுள்ளது, இந்த இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்” என்று தோன்றும். அழைத்தால் இனிய குரல் ஒன்று, ஒரு மென்பொருளை நிறுவச் சொல்லிக் கணினியைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும். பின்னர் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்லும். ஒன்றை உறுதியாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: மைக்ரோசொவ்றின் உண்மையான எச்சரிக்கை எதிலும் தொலைபேசி இலக்கம் இராது. அந்தச் சிவப்புத் திரை வெறும் இணையப்பக்கம். ஓல்ற் விசையுடன் எஃப்4 விசையை அழுத்தி உலாவியை மூடிவிட்டால் கதை முடிந்தது. அவன் வைரஸை நம்பித் தொழில் செய்வதில்லை. நம் அவசரத்தை நம்பியே தொழில் செய்கின்றான்.

இனி, காரணத்தை நாடுவோம். நோய் எவ்வழியால் வந்தது? பெரும்பாலும் நாமே திறந்துவிட்ட வழியால். இதிலே முதலிடம் பெறுவது களவு மென்பொருள். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் பூட்டை உடைத்து இலவசமாகத் தருவதாகச் சொல்லும் நிரல், “முதலில் உமது காவல் மென்பொருளை அணைத்துவிடும்” என்று கேட்கும். காவற்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வா என்று சொல்லும் விருந்தாளியை யாராவது உள்ளே விடுவரா? என் விடுதித் தோழர் ஒருவர் விட்டார். இறுதியாண்டு ஆய்வுக்கட்டுரை முடியும் தறுவாயிலே, படம் வரையும் மென்பொருள் ஒன்றை அவ்வாறு பெற்றார். மறுநாட் காலையில் பத்து மாத உழைப்பு திறவாத கோப்புகளாய் நின்றது. அவர் தம் மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்த இரு அத்தியாயங்களே மீந்தன. எஞ்சிய மூன்றையும் ஞாபகத்திலிருந்து எழுதினார். அவர் சோம்பேறி அல்லர், அறிவிலியும் அல்லர், அந்த மென்பொருளை வாங்கப் பணம் இல்லாதவர். நம் இளைஞரிற் பலரின் நிலையும் அதுவே. அவர்களுக்குக் களவைத் தவிர வழியில்லை என்பதுதான் தவறு. கடிதமும் கணக்கும் எழுத லிப்ரே ஒபிஸ், படம் திருத்த கிம்ப், இயக்குதளமாக லினக்ஸ் என்று முற்றிலும் நேர்மையாக இலவசமாய்க் கிடைப்பவை பல உள. வின்டோஸ் 10க்கு வழங்கப்பட்டுவந்த பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. புதிய வின்டோஸைத் தாங்க முடியாத பழைய கணினிகளுக்கு லினக்ஸ் மறுவாழ்வு அளிக்கும்.

இரண்டாவது வழி, கோப்பின் ஈற்றெழுத்தைப் பாராமை. முன்னர் சொன்ன காதற்கடிதம், எழுத்துக் கோப்புப் போன்ற பெயரைக் கொண்டிருந்தது; நிரல் என்பதைக் காட்டும் கடைசி எழுத்துகளை வின்டோஸ் மறைத்துவிட்டது. இன்றும் வின்டோஸ் அவற்றை மறைத்தே காட்டுகிறது. அமைப்பை மாற்றி முழுப்பெயரையும் காட்டச் செய்யுங்கள். மூன்றாவது வழி, திருத்தங்களைத் தள்ளிப்போடுதல். நான்காவது, அன்றாட வேலைக்கும் நிர்வாகிக் கணக்கையே பயன்படுத்துதல். வீட்டிலுள்ளோருக்குச் சாதாரணக் கணக்கைக் கொடுத்து, நிர்வாகிக் கணக்கைத் தனியே வைத்தால், தெரியாமல் அழுத்திய ஓர் அழுத்தம் முழு வீட்டையும் எரிக்காது.

மிஷன் பாடசாலையில் வேத பாடத்திலே கேட்ட உவமை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. ஒருவனை விட்டு நீங்கிய அசுத்த ஆவி எங்கும் இளைப்பாற இடமின்றித் திரும்பி வந்து பார்க்கிறது. பழைய வீடு கூட்டிப் பெருக்கப்பட்டு, ஆனால் வெறுமையாக இருக்கிறது. உடனே அது தன்னிலும் பொல்லாத வேறு ஏழு ஆவிகளை அழைத்துவந்து குடியேறுகிறது. அம்மனிதனின் பின்னிலைமை முன்னிலைமையிலும் கேடாயிற்று என்று இயேசுநாதர் கூறினார். துடைத்துச் சுத்தம் செய்த கணினியில் மறுநாளே அதே களவு மென்பொருளை நிறுவுபவருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை உண்டோ? நீக்குதல் பாதி வேலை. வழியை அடைத்தலே மறுபாதி.

எவ்வளவு காத்தாலும் ஒரு நாள் இழப்பு வரலாம். அதற்குள்ள ஒரே மருந்து பிரதி. கோப்புகள் மூன்று பிரதிகளாக இருக்கட்டும். இருவகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றாவது வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நம் நாட்டு அரச மின்னஞ்சல் அமைப்பைக் கப்ப நிரல் ஒன்று தாக்கியது. மே நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாதவாறு அழிந்தன. அக்காலத்துக்குரிய பிரதி இருக்கவில்லை. ஓர் அரசாங்கத்துக்கே இவ்வாறாயின், நம் வீட்டு நிழற்படங்கள் எம்மாத்திரம்? வெளித்தட்டு ஒன்றை வாங்கி, மாதம் ஒருமுறை பிரதி செய்து, உடனே கழற்றி அலுமாரியில் வையுங்கள். இணைத்தபடியே விட்ட பிரதி பிரதி ஆகாது.

முடிவாக, இச்சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கணினியிற் பணத்தையோ கோப்பையோ இழந்தவர்கள், சிறப்பாக முதியோர், அதனை வெளியே சொல்வதில்லை. “படித்த மனிதர், இப்படி ஏமாந்தாரே” என்று பிள்ளைகள் சிரிப்பார்கள் என்ற வெட்கமே காரணம். சொல்லாததால் வங்கிக்கு உரிய நேரத்தில் அறிவிக்கப்படுவதில்லை. கள்வன் அடுத்த வீட்டுக்குச் செல்கின்றான். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நமக்கு இருக்கிறது. முறைப்பாடுகளுக்கு ஆலோசனை கூற 2006ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கைக் கணினி அவசரப் பதிலளிப்பு நிலையமும் இருக்கிறது. முறையிடுபவர் இல்லாவிட்டால் சட்டம் என்ன செய்யும்? பெண்களுக்கோ மற்றுமொரு அச்சம் உண்டு. திருத்தக் கொடுத்த கணினியிலுள்ள தம் படங்களை யாரும் பார்த்துவிடுவரோ என்று, பழுதான கணினியை அப்படியே பூட்டி வைத்திருப்போர் உளர். அவ்வச்சம் காரணமற்றது என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

அப்பர் சுவாமிகள் உழவாரப் படையைக் கையிலேந்திக் கோயில் வீதிகளிலே புல்லும் முள்ளும் களைந்தார். அவர் பாடிய நாவுக்கு இருந்த மதிப்பு அந்தக் கைக்கும் உண்டு. நமது சங்க இளைஞர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, அயலவர் கணினிகளில் உள்ள களையைப் பிடுங்கும் பணியை மேற்கொள்ளலாகாதா? கூலி வேண்டாம். உரியவர் அருகிலிருக்கவே வேலை செய்தல், பிறர் படத்தையோ கடிதத்தையோ திறவாமை, கண்டதை வெளியிற் கூறாமை, தெரியாதவரைக் கண்டு சிரியாமை, இந்நான்கும் அப்பணியின் விரதங்களாக இருக்கட்டும். இயமம் நியமம் என்று நாம் நூல்களிற் படிப்பது, பிறர் கணினியின் முன் தனியே அமர்ந்திருக்கும்போது அன்றோ சோதிக்கப்படுகிறது! சகோதரிகளின் கணினிகளைப் பார்க்கச் சங்கச் சகோதரிகளே முன்வருவது இன்னும் நன்று. இரும்பையும் கம்பியையும் திருத்துவதோடு அந்தப் பணி முடியாது. ஒரு குடும்பத்தின் அச்சத்தையும் அது நீக்கும்.